மனம் உடலை அசைப்பது எப்படி?

கையை உயர்த்த நினைத்தால் கை உயர்கிறது. பல்லில் சொத்தை ஆழமாக இறங்கினால் வலிக்கிறது. முதலாவதில் ஓர் எண்ணம் தசையை இயக்குகிறது. இரண்டாவதில் உடலில் நேர்ந்த கேடு ஓர் உணர்வாகிறது. அன்றாட வாழ்வில் எவரும் இதை ஐயுறுவதில்லை. ஆனால் எண்ணத்துக்கு எடை இல்லை, நீள அகலம் இல்லை, இன்ன இடத்தில் இருக்கிறது என்று விரலால் சுட்டவும் முடியாது. மூளையோ ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ள திசு. இவ்விரண்டுக்கும் என்ன உறவு என்பதே மெய்யியலில் மனம்–உடல் சிக்கல் எனப்படுகிறது. அதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. மனமும் உடலும் இரு வேறு பொருள்களா, ஒன்றேயா? ஒன்று மற்றொன்றை எவ்வாறு பாதிக்கிறது? மூளையில் நிகழும் மின்வேதி மாற்றங்களோடு ‘வலிக்கிறது’ என்னும் அனுபவம் ஏன் சேர்ந்து வர வேண்டும்? தத்துவ நூல்கள் பெரும்பாலும் முதல் கேள்விக்கான விடையைக் கொண்டே கொள்கைகளுக்குப் பெயரிடுகின்றன. அந்தக் கொள்கைகளை உரசிப் பார்க்கும் கல்லாக இருந்துவந்திருப்பது இரண்டாவது கேள்வி.

இன்றைய விவாதத்தின் வடிவம் ரெனே தெகார்த்திடமிருந்து வருகிறது. 1641இல் இலத்தீனில் வெளியான ‘தியானங்கள்’ நூலில் அவர் இரு வகைப் பொருள்களைப் பிரித்தார்: இடத்தில் பரவியிருக்கும் உடல், சிந்திக்கும் மனம். உடல் இருப்பதை ஐயுறலாம். ஐயுறும் சிந்தனை இருப்பதை ஐயுற முடியாது. உடலைக் கூறு போடலாம். மனத்தைப் பாதியாக வெட்டுவது என்றால் என்னவென்றே விளங்காது. ஆகவே இரண்டும் வேறு என்பது அவருடைய வாதம். பிற்காலத்தார் வரைந்த சித்திரத்தில் தெகார்த் உடலை மறந்த மனிதராகத் தெரிகிறார். அது நியாயமில்லை. கசாப்புக் கடைகளிலிருந்து விலங்குறுப்புகளை வாங்கி வந்து அறுத்து ஆராய்ந்தவர் அவர். மாலுமி கப்பலில் இருப்பதுபோல மனம் உடலில் இருக்கவில்லை, இரண்டும் நெருங்கிக் கலந்திருக்கின்றன என்று அதே நூலின் ஆறாம் தியானத்தில் எழுதினார். துண்டிக்கப்பட்ட கையில் வலி தெரிவதைப் பற்றியும் அங்கே பேசுகிறார்.

அந்தக் ‘கலப்பு’ எப்படி நிகழ்கிறது என்று முதலில் விடாப்பிடியாகக் கேட்டவர் பொஹீமிய இளவரசி எலிசபெத். தந்தை அரியணை இழந்ததால் ஹேக் நகரில் அகதியாக வாழ்ந்த அவருக்கு, தெகார்த்துக்குத் தம் முதல் கடிதத்தை 1643 மே மாதத்தில் எழுதியபோது வயது 24. அவர் கேட்டது எளிமையானது. ஒரு பொருள் மற்றொன்றை அசைக்க வேண்டுமானால் தள்ள வேண்டும். தள்ளுவதற்குத் தொடுகை வேண்டும், தொடுவதற்குப் பரப்பு வேண்டும். பரப்பே இல்லாத ஆன்மா உடலை எதனால் தள்ளும்? தெகார்த் பாரத்தை எடுத்துக்காட்டாகச் சொல்லிப் பார்த்தார்: கல்லின் பாரம் கல்லைத் தொட்டுத் தள்ளாமலே கீழே இழுப்பதாக நாம் கருதுவதில்லையா என்றார். பாரத்தைப் பற்றிய அந்தப் பழைய கருத்தைத் தம் இயற்பியலில் மறுத்தவரும் அவரே என்பதால் விடை எடுபடவில்லை. பருப்பொருள் அல்லாத ஒன்று உடலை அசைக்கும் என்று ஏற்பதைவிட, ஆன்மாவுக்கும் பருமை உண்டு என்று ஏற்பது தமக்கு எளிது என எலிசபெத் ஜூனில் பதில் எழுதினார். உடல்நலக் கேடு பகுத்தறிவையே மழுங்கடிப்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். மனம் உண்மையிலேயே தனித்து நிற்கும் பொருளானால் அப்படி நிகழ வேண்டியதில்லை.

இந்தக் கடிதப் போக்குவரத்தின் தூண்டுதலில் பிறந்த ‘ஆன்மாவின் உணர்ச்சிகள்’ 1649இல் வெளிவந்தது. மூளையின் நடுவிலுள்ள பீனியல் சுரப்பியே ஆன்மா செயல்படும் தலையாய இடம் என்று அதில் தெகார்த் கூறினார். மூளையின் பிற பகுதிகள் இரண்டிரண்டாக இருக்க, அது ஒன்றாக இருப்பதே காரணம். எலிசபெத் கேட்டதோ இடத்தைப் பற்றியதல்ல, வழியைப் பற்றியது. அடுத்த தலைமுறை அதைத் தவிர்க்க வெவ்வேறு வழி தேடியது. மனம் விரும்பும் தருணத்தில் கடவுளே உடலை அசைக்கிறார் என்றார் மால்பிராஞ்ச். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை, படைப்பின்போதே ஒத்து ஓடும்படி அமைக்கப்பட்டவை என்றார் லைப்னிட்ஸ். இவ்விரு விடைகளும் கேள்வியைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்குகின்றன. 1677இல், இறந்த பின் வெளியான ‘அறவியல்’ நூலில் ஸ்பினோசா எடுத்த முடிவே துணிச்சலானது: இருப்பது ஒரே பொருள், மனமும் உடலும் அதன் இரு தோற்றங்கள், எனவே ஒன்று மற்றொன்றை அசைக்கும் பேச்சுக்கே இடமில்லை.

இந்தியச் சிந்தனையில் எல்லைக் கோடு வேறிடத்தில் விழுகிறது. சாங்கியத்தில் மனம், புத்தி, அகங்காரம் ஆகியவை சட மூலமான பிரகிருதியின் திரிபுகள். அதாவது அவை உடலின் பக்கத்தைச் சேர்ந்தவை. நுட்பமானவை என்பதே வேறுபாடு. மறுபக்கம் இருப்பது வெறும் சாட்சியான புருடன். இப்படிப் பிரித்தால் மனம் உடலை எப்படி அசைக்கிறது என்பது சிக்கலாகவே இராது. ஒரே மூலத்திலிருந்து வந்த இரண்டு, ஒன்றையொன்று தாக்குவதில் வியப்பில்லை. ஆனால் தொல்லை தீரவில்லை, ஒரு படி மேலே நகர்ந்தது. செயலற்ற புருடனுக்கும் அறிவற்ற பிரகிருதிக்கும் தொடர்பு எப்படி? ஈசுவரகிருட்டிணரின் சாங்கிய காரிகை முடவனும் குருடனும் சேர்ந்து நடக்கும் உவமையால் விடை சொல்கிறது. சங்கரர் தமது பிரம்மசூத்திர உரையில் அதை ஒரே வீச்சில் முறிக்கிறார்: முடவன் வாயால் வழி சொல்லியாவது குருடனை இயக்குகிறான், எச்செயலும் இல்லாத புருடன் எதனால் இயக்குவான்? எலிசபெத்தின் கேள்விக்குப் பல நூற்றாண்டு முந்தைய வடிவம் இது.

நியாய வைசேடிகர் மனத்தை அணு அளவினதாகக் கொண்டனர். பல புலன்கள் ஒரே நேரத்தில் தம் பொருள்களோடு கூடியிருந்தாலும் ஒரு கணத்தில் ஓர் அறிவே தோன்றுகிறது என்பதே மனம் ஒன்று என்பதற்கு அவர்கள் காட்டும் சான்று. கவனத்தின் குறுகிய வாயிலைப் பற்றி இன்றைய உளவியல் பேசுவதோடு இதை வைத்துப் பார்க்கலாம். அறிவு ஆன்மாவின் குணம். ஆனால் மனத்தின் கூட்டுறவு இல்லாமல் அது தோன்றாது. முக்தியில் அந்தக் கூட்டுறவு அறுந்துவிடுவதால் ஆன்மா கல்லைப்போலக் கிடக்க வேண்டியதுதானா என்று எதிரணியினர் கேலி செய்தார்கள். பௌத்தர் உடைமையாளரையே நீக்கினர்: உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐந்து கந்தங்களின் ஓட்டம் மட்டுமே உண்டு. உயிரும் உடலும் ஒன்றா வேறா என்பது புத்தர் விடை கூறாமல் விட்ட கேள்விகளுள் ஒன்று.

உடலைத் தவிர வேறொன்றில்லை என்ற சாருவாகர்களின் சொந்த நூல்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. எதிரிகள் எடுத்துக்கூறிய வாயிலாகவே அவர்களை அறிகிறோம், அந்த எதிரிகளில் தமிழ் நூல்களும் உண்டு. மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில் பூதவாதி தன் கொள்கையைச் சொல்கிறான்: பூவையும் வெல்லக்கட்டியையும் பிறவற்றையும் கூட்டி ஊறவைத்தால் தனித்தனியே இல்லாத களிப்பு பிறப்பதுபோல், பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது. நீலகேசி பூதவாதத்துக்கு ஒரு சருக்கமே ஒதுக்கி மறுக்கிறது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் பரபக்கம் மறுக்கத் தொடங்குவதும் உலோகாயதன் எனப்படும் சாருவாகனிடமிருந்துதான். பகுதிகளில் இல்லாத பண்பு முழுமையில் தோன்றும் என்னும் அந்த வாதம் இன்று ‘வெளித்தோற்றவாதம்’ என்ற பெயரில் புழங்குகிறது. அதற்கு அன்று எழுந்த எதிர்ப்பும் இன்றும் பொருந்துகிறது: பிணத்திலும் பூதங்கள் இருக்கின்றனவே, உணர்வு எங்கே போயிற்று? பூதங்கள் இருந்தால் போதாது, அவை குறிப்பிட்ட முறையில் அமைந்து இயங்க வேண்டும் என்பதே பூதவாதியின் தரப்பில் சொல்லக்கூடிய விடை. இன்றைய நரம்பியலாளரும் அதையே சொல்வார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞான போதம் பன்னிரண்டே சூத்திரங்கள் கொண்டது. அதன் மூன்றாம் சூத்திரம் உடல், புலன், கனவில் இயங்கும் நுண்ணுடல், பிராணன் என ஒவ்வொன்றாக எடுத்து இவை உயிரல்ல என்று தள்ளுகிறது. ‘என் உடல்’ என்று சொல்வதால் உடல் வேறு, உடையவன் வேறு என்பது அவ்வாதங்களுள் ஒன்று. இது வலுவற்றது, ‘என் உயிர்’ என்றும் சொல்கிறோம். ஐந்து புலன்களும் தத்தம் புலத்தை மட்டுமே அறிய, ஐந்தையும் சேர்த்து அறியும் ஒருவன் வேண்டும் என்ற வாதம் அதைவிட ஆழமானது. நிறம், ஒலி, மணம் ஆகியவற்றை மூளை வெவ்வேறு பகுதிகளில் கையாளும்போது அவை ஒரே அனுபவமாக எப்படிக் கட்டப்படுகின்றன என்ற இன்றைய கேள்வி அதற்கு உறவானது. நான்காம் சூத்திரம் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்களையும் உயிரிலிருந்து பிரித்து, அமைச்சரோடு கூடிய அரசனாக உயிரை நிறுத்துகிறது. சாங்கியத்தைப் போலவே இங்கும் மனம் சடத்தின் பக்கம்.

ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டு இருமைவாதத்தை இரு முனைகளில் நெருக்கியது. ஆற்றல் அழிவின்மை விதியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1847இல் விரித்துரைத்தார். பருப்பொருள் உலகின் ஆற்றல் கணக்கு மூடியிருந்தால் வெளியிலிருந்து மனம் தரும் தள்ளுக்கு இடமேது? மறுமுனையில் மருத்துவர்கள் மூளைச் சேதங்களை ஆராய்ந்தனர். 1848இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ரயில் பாதைப் பணியில் பாறை தகர்த்துக்கொண்டிருந்த ஃபினியாஸ் கேஜின் மண்டையை ஒரு மீட்டருக்கும் மேல் நீளமான இரும்புக் கம்பி துளைத்துச் சென்றது. அவர் 1860 வரை வாழ்ந்தார். குணம் மாறிவிட்டது என்று மருத்துவர் எழுதினார். பாடநூல்கள் அவரை முற்றிலும் சீரழிந்தவராகக் காட்டுவது மிகை. பின்னாளில் சிலி நாட்டில் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தவர் அவர். 1861இல் பால் புரோகா ஒரே அசையை மட்டும் சொல்ல முடிந்த நோயாளியின் மூளையில், இடது முன்பகுதிச் சேதத்தைக் கண்டு பேச்சுக்கு இடம் குறித்தார். எலிசபெத் தம் உடல்நிலையிலிருந்து ஊகித்ததை இந்தச் சான்றுகள் உறுதியாக்கின.

இவற்றை வைத்து டி. எச். ஹக்ஸ்லி 1874இல் ஒரு முடிவுக்கு வந்தார். மூளை உணர்வை உண்டாக்குகிறது. உணர்வோ மூளையில் எதையும் உண்டாக்குவதில்லை, ரயில் எஞ்சினின் ஊதல் எஞ்சினை ஓட்டாததுபோல. ஆற்றல் கணக்கு இதில் தப்பிக்கிறது. ஆனால் கொடுக்க வேண்டிய விலை பெரிது. வலி எதையும் செய்யாது என்றால், ‘வலிக்கிறது’ என்று ஒருவர் சொல்வதற்கும் வலி காரணமல்ல. தீங்கானவை வலிப்பதும் நலந்தருபவை இனிப்பதும் பரிணாமத்தின் பார்வையில் தற்செயலாகிவிடும் என்று வில்லியம் ஜேம்ஸ் சுட்டினார்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கில்பர்ட் ரைல் கேள்வியே தவறு என்றார். 1949இல் வெளியான அவருடைய ‘மனம் என்னும் கருத்து’, மனத்தை உடலுக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு பொருளாக எண்ணுவது வகைப்பிழை என்று வாதிட்டது. கல்லூரிகளையும் நூலகத்தையும் சுற்றிப் பார்த்த பின் ‘பல்கலைக்கழகம் எங்கே’ என்று கேட்பவரின் பிழை அது. அவர் கருத்தில், மனத்தைப் பற்றிய பேச்சு பெரிதும் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார், எப்படி நடந்துகொள்ளக்கூடும் என்பதைப் பற்றியதே. உள்ளத்து நிகழ்வு மெய்யில் புலப்படும் வகைகளை எட்டாகப் பிரித்த தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைப் படித்த வாசகருக்கு இதில் பாதி எளிதில் விளங்கும். மீதிப் பாதியில்தான் இடர்: பல்லைக் கடித்துக்கொண்டு வலியை மறைப்பவருக்கு மெய்ப்பாடு இல்லை, வலி இருக்கிறது.

அந்த மீதியைக் கைப்பற்ற வந்தது முற்றொருமைக் கோட்பாடு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பணியாற்றிய யு. டி. பிளேஸ் 1956லும் ஜே. ஜே. சி. ஸ்மார்ட் 1959லும் இதை முன்வைத்தனர். மின்னல் என்பது மின்னிறக்கமே என்று கண்டுபிடித்ததுபோல, வலி என்பது குறிப்பிட்ட மூளை நிகழ்வே. எலிசபெத்துக்கு இதைவிட நேரான விடை எவரும் தந்ததில்லை: மூளை தசையை அசைக்கிறது, மனம் மூளை நிகழ்வே, ஆகவே மனம் தசையை அசைக்கிறது. ஹிலரி புட்னம் 1960களில் இதில் ஓட்டை கண்டார். ஆக்டோபஸின் நரம்பமைப்பு மனிதனுடையதைப்போல் இல்லை. அதற்கும் வலிக்கும் என்றால் வலியை மனித மூளையின் ஒரு நிகழ்வோடு மட்டும் சமன்படுத்த முடியாது. வலியின் இலக்கணம் அது எதனால் ஆனது என்பதில் இல்லை, என்ன வேலை செய்கிறது என்பதில் இருக்கிறது. கணினி யுகத்துக்குப் பொருந்திய இந்தச் செயற்பாட்டுவாதம் விரைவில் பெரும்பான்மைக் கொள்கையானது. ஜான் சேர்ல் 1980இல் எதிர்த்தார்: சீனம் அறியாத ஒருவர் விதிப்புத்தகத்தைப் பார்த்துச் சீன வினாக்களுக்குச் சரியான சீன விடைகளை அறைக்கு வெளியே நீட்டினாலும் அவருக்குச் சீனம் புரிந்துவிடாது.

செயற்பாட்டுவாதத்துக்கு இன்னும் கூர்மையான அடி ஜேக்வான் கிம்மிடமிருந்து வந்தது. கையை உயர்த்தும் முடிவு ஒரு மூளை நிலையைச் சார்ந்திருக்கிறது, ஆனால் அந்த நிலையே அல்ல என்று வைத்துக்கொள்வோம். கை உயர அந்த மூளை நிலை போதும். பிறகு முடிவுக்கு என்ன வேலை? ஒன்று, முடிவும் மூளை நிலையும் ஒன்றே என்று பழைய முற்றொருமைக்குத் திரும்ப வேண்டும். அல்லது ஹக்ஸ்லியின் ஊதலுக்குப் போக வேண்டும். தெகார்த்தை வீழ்த்திய கேள்வி, ஆன்மாவைக் கைவிட்ட பொருள்முதல்வாதிகளுக்குள்ளேயே இப்படி மீண்டும் எழுந்தது. காரணம் என்னும் கருத்தை வேறுவிதமாக வரையறுத்து இதைத் தவிர்க்க முயல்வோர் பலர். அவர்களுக்குள் உடன்பாடு இல்லை.

மூன்றாம் கேள்வி, அனுபவத்தின் கேள்வி, தனியே வளர்ந்தது. எதிரொலியால் வழியறியும் வௌவாலின் நரம்பமைப்பை முழுவதும் அறிந்தாலும் வௌவாலாக இருப்பது எப்படி இருக்கும் என்று தெரியாது என்றார் தாமஸ் நேகல், 1974இல். ஃபிராங்க் ஜாக்சன் 1982இல் மேரி என்ற கற்பனை அறிவியலாளரைப் படைத்தார். நிறம் பற்றிய இயற்பியல் உண்மைகள் அனைத்தும் அறிந்தவர், ஆனால் கறுப்பு வெள்ளை அறையிலேயே வாழ்ந்தவர். முதன்முறை சிவப்பைக் காணும்போது புதிதாக ஒன்று அறிகிறார் அல்லவா? அறிகிறார் என்றால் இயற்பியல் உண்மைகள் முழு உண்மையல்ல. இந்த வாதத்தைப் பின்னாளில் ஜாக்சனே கைவிட்டார். அவர் முதலில் வரைந்தபடி சிவப்பின் அனுபவம் எதையும் விளைவிக்காதது. அப்படியானால் மேரி வியப்பதற்கும் அறிவு பெறுவதற்கும் அந்த அனுபவம் காரணமாக இருக்க முடியாது. உரைகல் இங்கேயும் வேலை செய்தது.

டேவிட் சால்மர்ஸ் 1995இல் இந்த அனுபவக் கேள்விக்குக் ‘கடினச் சிக்கல்’ என்று பெயரிட்டார். கவனம், நினைவு, பேச்சு ஆகியவற்றின் இயக்கத்தை விளக்குவது ஒப்பீட்டில் எளிது; அவற்றோடு அனுபவம் ஏன் வருகிறது என்பதே கடினம். அப்படி ஒரு சிக்கல் இருப்பதாகத் தோன்றுவதே மூளையின் மாயம் என்று டேனியல் டென்னட்டின் வழியினர் மறுத்தனர். பருப்பொருளின் அடிப்படைக் கூறுகளிலேயே அனுபவத்தின் வித்து உண்டு என்ற அனைத்துயிர்மைவாதத்தை இன்னொரு கூட்டம் மீட்டெடுத்தது. நுண்ணிய அனுபவங்கள் கூடி ஒரே மனித அனுபவமாவது எப்படி என்று வில்லியம் ஜேம்ஸ் 1890லேயே எழுப்பிய தடை அதற்கு முன் நிற்கிறது. நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் கோச் 1998இல் சால்மர்ஸோடு பந்தயம் கட்டினார்: பிரக்ஞைக்குரிய நரம்பியல் அடையாளம் 25 ஆண்டுகளில் தெளிவாகிவிடும் என்றார். 2023இல் நியூயார்க்கில் தோல்வியை ஒப்பி ஒயின் புட்டிகளைக் கொடுத்தார்.

ஆய்வுக்கூடச் சான்றுகள் சிக்கலைத் தீர்க்கவில்லை, ஆனால் பேச்சைக் கூர்மையாக்கியிருக்கின்றன. பல் பிடுங்கிய நோயாளிகளுக்கு வெறும் போலி மருந்து கொடுத்தபோது பலருக்கு வலி தணிந்தது. ஓபியாய்டுகளைத் தடுக்கும் நலாக்சோன் கொடுத்ததும் அந்த நலம் குறைந்தது. 1978இல் வெளியான இந்த ஆய்வு, ‘நம்பிக்கையால் வலி போயிற்று’ என்பதற்கும் உடல் தானே சுரக்கும் வேதிப்பொருளுக்கும் இருந்த பிளவை ஓரளவு மூடியது. நம்பிக்கை உடலைத் தீண்டும்போது உடலின் வழியாகவே தீண்டுகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்து, இல்லாத கையின் இறுக்கமும் வலியும் சில நோயாளிகளிடம் தளர்வதைக் காட்டினார். பெஞ்சமின் லிபெட்டின் 1983 ஆய்வு அதிகம் பேசப்பட்டது. விரலை அசைக்க விரும்பியதாக ஒருவர் உணர்வதற்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு வினாடி முன்பே மூளையில் ஆயத்த மின்னழுத்தம் தொடங்குகிறது. மனம் பிந்தி வரும் பார்வையாளரே என்று இதைக்கொண்டு பலர் முடிவு கட்டினர். அந்த மின்னழுத்தம் முடிவையே குறிக்கிறதா, மூளையின் இயல்பான ஏற்ற இறக்கமா என்பது இன்னும் விவாதத்தில் இருப்பதால் அம்முடிவு அவசரமானது.

மருத்துவமனைகளிலும் சட்டமன்றங்களிலும் இந்தச் சிக்கல் விடைக்காகக் காத்திருக்க முடியாது. மூளை செயலிழப்பை இறப்பின் அளவுகோலாக ஹார்வர்ட் குழு 1968இல் முன்வைத்தது. இந்தியாவில் 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டு இறப்பை ஏற்றது. 2006இல் ஏட்ரியன் ஓவன் குழுவினர், ஏவலுக்கு எந்த அசைவாலும் மறுமொழி காட்டாத ஒரு பெண் நோயாளியை டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னபோது, அவர் மூளையின் செயற்பாடு நலமானவர்களுடையதைப் போலவே இருந்ததைக் கண்டனர். 2024இல் வெளியான பல நாட்டு ஆய்வில், ஏவலுக்கு வெளிப்படையாக எந்த எதிர்வினையும் காட்டாத 241 பேரில் 60 பேரிடம் இத்தகைய மறைந்த மறுமொழி காணப்பட்டது. பிரிட்டனின் 2022ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம் முதுகெலும்புள்ளவற்றோடு ஆக்டோபஸையும் நண்டையும் உணர்வுள்ளவையாகச் சேர்த்தது. கணினியைப் பொறுத்தவரை கொள்கைகள் நேர் எதிராகப் பிரிகின்றன. செயற்பாட்டுவாதத்தின்படி வேலையமைப்பு சரியாக இருந்தால் சிலிக்கனும் உணரலாம். கோச் ஆதரிக்கும் ஒருங்கிணைந்த தகவல் கோட்பாட்டின்படி, இன்றைய வகைக் கணினி எவ்வளவு திறமையாகப் பேசினாலும் அதில் சொல்லத்தக்க அனுபவம் இராது. இவ்விரண்டுள் எது சரி என்பதை எந்திரத்தின் பேச்சைக் கேட்டு மட்டும் முடிவு செய்ய இயலாது.